கடற்கரை ஊரில் கண்ணாடி துடைக்கும் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

சன்னல் கண்ணாடி, வெளிச்சுவர், ரெய்லிங், மொட்டைமாடி என்று வீட்டின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து கொடுக்கும் சிறு தொழில் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. நல்ல பிரஷர் வாஷர் ஒன்று வாங்கித் தொழிலைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கூடவே வேறென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வாஷரைக் கடைசியில் வாங்குங்கள். முதல் ஆறு மாதம் உங்களுக்குச் சோறு போடப்போவது கண்ணாடி. கண்ணாடிக்கு அந்த மெஷின் தேவையே இல்லை.

முதலில் வாங்க வேண்டியவை: 14 அங்குல ரப்பர் வைப்பர் ஒன்று, 6 அங்குலத்தில் ஒன்று. தரை துடைக்கும் வைப்பர் இதற்கு ஆகாது. கண்ணாடிக்கென்றே வரும், ஒற்றை ரப்பர் பட்டை கொண்ட, பட்டையைக் கழற்றி மாற்றக்கூடிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் பூசும் துணி உறை போட்ட கட்டை ஒன்று, 4 அங்குல பிளேடு ஸ்கிரேப்பர், நீட்டிக்கும் கம்பு ஒன்று, வைப்பர் முழுசாக முங்கும் அளவுக்கு அகலமான செவ்வகப் பக்கெட், மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், உதிரி ரப்பர் பட்டைகள், தண்ணீரின் உப்பளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். ஏணி நீங்கலாக இவையெல்லாம் 10,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

6 அங்குல வைப்பர் எதற்கு என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பெரிய கண்ணாடியில் பாம்பு போல வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் முடிப்பார்கள். நம்மூர் சன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறது, கொசுவலை இருக்கிறது. மரச் சட்டத்துக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிகளாகப் பிரித்தும் வைத்திருப்பார்கள். அங்கே 14 அங்குலம் நுழையவே நுழையாது. வீட்டு வேலையில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன வைப்பரில்தான் ஓடும்.

சோப்புத் தண்ணீர் கலக்கும் அளவு: 10 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். நுரை பொங்கினால்தான் அழுக்கு போகும் என்று கூட ஊற்றுகிறவர்கள்தான் கண்ணாடியில் கோடு விடுகிறார்கள். துணி துவைக்கும் கட்டி சோப்பைக் கரைக்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் அது திரிந்து வெள்ளைப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

செய்முறை: முழுக் கண்ணாடியையும் நனைத்துத் தேயுங்கள். பிறகு மேல் விளிம்பிலும் ஒரு பக்க விளிம்பிலும் ஒரு விரல் அகலத்துக்குத் துணியால் ஈரம் போக்குங்கள். வைப்பரை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்து, கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி இழுங்கள். அடுத்த இழுப்பு முந்தைய இழுப்பின் மேல் 2 அங்குலம் ஏறி வர வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துணியில் ஒரு தடவை ஒற்றிவிடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் கோட்டுக்கு மருந்து தேடுகிறார்கள். ரப்பர் தடதடவென்று அதிர்ந்தால் கண்ணாடி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி நனைக்காமல் இழுக்காதீர்கள்.

துடைத்து முடிக்கும்போது பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் வாடிக்கையாளர் போன் போட்டு "வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது" என்கிறார். லிக்விட் மாற்றியும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகர், தேவனாம்பட்டினம்

லிக்விடில் குற்றமில்லை, தண்ணீரில்தான். மீட்டரைப் பக்கெட்டில் விட்டுப் பாருங்கள். 1,000 என்று காட்டினால் ஒவ்வொரு லிட்டரிலும் ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கிறது. தண்ணீர் காயும், உப்பு காயாது. சட்டத்தின் இடுக்கிலும் ரப்பர் பீடிங்கிலும் தேங்கிய தண்ணீர் நீங்கள் கிளம்பிய பிறகு வழிந்து, கண்ணாடியிலேயே காய்கிறது. மறுநாள் தெரிவது அந்த வழித்தடம்தான். குடிநீருக்கான இந்தியத் தரக்கட்டுப்பாடு 500 வரை நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பரவாயில்லை என்றும் சொல்கிறது. அது குடிக்கிறவர்களுக்கான கணக்கு. கண்ணாடியில் 200-லேயே புள்ளி தெரிய ஆரம்பிக்கும்.

கடலோரத்தில் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். அதனால் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அளந்துவிட்டுத்தான் பக்கெட்டை நிரப்ப வேண்டும். வீட்டுக் குழாயில் 300-க்குக் கீழே இருந்தால், வைப்பர் போட்டுச் செய்கிற வேலைக்குப் போதும். நனைக்கும் தண்ணீரை வைப்பர் அள்ளிக்கொண்டு வந்துவிடும், இடுக்கில் மிஞ்சுவதை மட்டும் துணியால் ஒற்றினால் சரி. 300-க்கு மேலே போனால் ஒரு கேன் நல்ல தண்ணீர் கையோடு கொண்டுபோய், கடைசி அலசலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சன்னலுக்கு அரை லிட்டர் போதும்.

நல்ல தண்ணீருக்குக் காசு கொடுக்காத வழிகளும் உண்டு. மொட்டைமாடியைக் கழுவிவிட்ட முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து மூடி வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படித்தான். நம்மூர்ப் புழுக்கத்தில் 1.5 டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தரும். துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும்.

நீளக் குழாய்க் கம்பில் பிரஷ் மாட்டி, தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்து அப்படியே காயவிடும் முறைக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே துடைப்பதே கிடையாது, ஆகவே மீட்டர் 10-ஐத் தாண்டக் கூடாது. 1,200 உள்ள தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் நூற்றுக்கு 90-க்கு மேல் உப்பு கழிந்து 80, 100 என்று வரும். அதை, மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் நிரப்பிய குடுவையில் செலுத்தினால்தான் பூஜ்ஜியத்தை நெருங்கும். ஆர்.ஓ. இல்லாமல் நேராக ரெசினில் விட்டால் ரெசின் சீக்கிரம் தீர்ந்து கை கடிக்கும். வீட்டு ஆர்.ஓ. மணிக்கு 10, 15 லிட்டர்தான் தரும். கம்பு நிமிடத்துக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் குடிக்கும். அதாவது ராத்திரி முழுக்கச் சேர்த்தது காலையில் ஒரு மணி நேரத்துக்கே வரும். தொடங்குகிறவருக்கு இது இப்போது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கடலைப் பார்த்த வீடு என்றால் இன்னொன்று. கண்ணாடியில் படிந்திருப்பது உப்பும் மணலும். ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று இருக்கும். அதில் எடுத்தவுடன் துணியை வைத்தால் மணல் கீறிவிடும். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கடல் உப்பு சும்மா தண்ணீரிலேயே கரைந்துவிடும், அதற்கு மருந்து தேவையில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் காலை வெயில் நேராக விழுவதால் பூசிய தண்ணீர் இழுப்பதற்குள் காயும். நிழல் விழுந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் எடுங்கள். மேற்குப் பக்கத்தைக் காலையிலேயே முடித்துவிடலாம்.

பாத்ரூம் ஆசிட் போட்டுப் பழைய உப்புக்கறையை எடுத்தோம். கறை போனது. ஆனால் அலுமினிய ஃபிரேம் திட்டுத்திட்டாக வெளுத்து, சன்னல் படிக்கல்லும் மங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

ஃபிரேம் திரும்பாது. அலுமினியத்தின் மேல் இருந்த பாதுகாப்புப் பூச்சை ஆசிட் தின்றுவிட்டது. பெயின்ட் அடித்து மறைக்கலாம், அவ்வளவுதான். படிக்கல் கடப்பா கல்லாகத்தான் இருக்கும். அது சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டால் பொங்கும். கல் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டால் ஓரளவு கறுப்பைத் திருப்பிக் கொண்டுவருவார்.

இந்தத் தொழிலில் கெட்ட பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் ஆசிட் பாட்டில்தான். அலுமினியம், ஸ்டீல் ரெய்லிங், மார்பிள், மொசைக், கடப்பா, சுண்ணாம்புப் பூச்சு என்று வீட்டின் வெளியே இருப்பதில் முக்கால்வாசிக்கு அது எதிரி. ஸ்டீல் ரெய்லிங்கில் டீ சிந்தியது போன்ற பழுப்புப் புள்ளிகள் வருவது கடற்கரையில் சகஜம். அதை ஆசிட் போட்டுத் தேய்த்தால் அடுத்த மழைக்குள் இரண்டு மடங்காக வரும். கம்பி நாரும் கூடாது, அதன் இரும்புத் துகள் ஸ்டீலில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும்.

உப்புக்கறைக்கு லெமன் சால்ட் எனப்படும் சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். படிக்கல்லின் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விளிம்பை டேப் போட்டு ஒட்டுங்கள். கரைசலைத் துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் ஒட்டி வைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்து வெள்ளை நிற மென்மையான ஸ்க்ரப்பரால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காயவிடக் கூடாது. அங்கே இங்கே சிந்தியிருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் ஆசிட் அடங்கும்.

இரண்டு முறை செய்தும் போகவில்லையென்றால் அது கால்சியம் கறை இல்லை, சிலிக்கா. அதற்கு எந்தச் சாதாரண ஆசிடும் கேட்காது. சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, கம்பளித் துணி வட்டு வைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு கண்ணாடிக்கே அரை மணி நேரம் ஆகும். அதனால் இதைச் சாதாரணத் துடைப்பு விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நகத்தால் தடவும்போது கண்ணாடியே சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் மாற்றுவதுதான் வழி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில கறை நீக்கிகளில் ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் அல்லது அமோனியம் பைஃபுளூரைடு இருக்கும். ஒரே துடைப்பில் கறை போகிறதே என்று ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடியையே அரிப்பதால்தான் போகிறது. கையில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தாலோ, லேபிளே இல்லாமல் கேனில் அளந்து விற்றாலோ தொடாதீர்கள்.

ஒயிட் டவுனில் ஒரு பழைய பிரெஞ்சு காலத்து வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். மஞ்சள் சுவரில் மழைக்குப் பிறகு கருப்பாகப் பாசி. பிரஷர் வாஷர் போடச் சொல்கிறார் மேனேஜர். போடலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

போடாதீர்கள். அந்தச் சுவர் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் 100 பார் அழுத்தம் பாசியோடு பூச்சையும் பெயர்த்துவிடும். பெயராத இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறி, காயும்போது உப்பு பூத்து, ஒரு வருடத்தில் பொருக்கு பொருக்காக உதிரும்.

முதலில் அது சுண்ணாம்பா, சிமென்ட்டா என்று பாருங்கள். மூலையில் விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி கையில் ஒட்டுகிறதா? ஒட்டினால் சுண்ணாம்புக் கலவை அடித்தது. தண்ணீர் தெளித்தால் உடனே உறிஞ்சும். சிமென்ட் சுவரில் எமல்ஷன் அடித்திருந்தால் தண்ணீர் முத்து முத்தாக வழியும்.

சுண்ணாம்புச் சுவருக்கு: காய்ந்த நிலையில் தென்னந்துடைப்பம் அல்லது மென்மையான நார் பிரஷால் மேலோட்டமாகத் தட்டிவிடுங்கள். பிறகு பாசிக்கொல்லி. பென்சல்கோனியம் குளோரைடு கலந்த மருந்தை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, தோளில் மாட்டும் ஸ்பிரேயரால் வழியாத அளவுக்குத் தெளித்துவிட்டு வந்துவிடலாம். கருமை அன்றே போகாது. பாசி செத்து, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து உதிரும். மேனேஜரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "வேலையே நடக்கவில்லை" என்பார். தேய்க்கும்போது நிறமும் கொஞ்சம் வரும் என்பதையும் சொல்லி வையுங்கள். வெள்ளைத் தூள் பூத்த இடத்தில் தண்ணீரே காட்டக் கூடாது. அது பாசி இல்லை, உள்ளிருந்து வரும் உப்பு. உலர்ந்த பிரஷால் தட்டி, தூளைத் தரையில் விடாமல் அள்ளிக்கொண்டு வாருங்கள். மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகல் இருக்கும்வரை நீங்கள் வருடா வருடம் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் சுவரின் பூச்சையோ நிறத்தையோ மாற்றும் வேலைக்குக் கை வைக்காதீர்கள், அதற்கு அனுமதி உரிமையாளர் வாங்க வேண்டும்.

சிமென்ட் சுவர், கைப்பிடிச் சுவர், மதில் என்றால் ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் வேலை செய்யும். கடையில் வருவது 10 சதவீதம் என்றால், ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் சேர்த்தால் சுவரில் ஒட்டி நிற்கும். கீழிருந்து மேலாகத் தெளித்து, 10 நிமிடம் விட்டு, சாதாரண ஹோஸ் பைப்பில் அலசினால் போதும். சுண்ணாம்புச் சுவருக்கு இதைச் சொல்லாததற்குக் காரணம், ஹைப்போ வற்றியதும் சுவருக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும் என்பதுதான். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் செடிகளை நல்ல தண்ணீரால் நனைத்துவிடுங்கள். ஹைப்போவை வெயிலில் வைத்தால் சில வாரங்களிலேயே வீரியம் குறைந்துவிடும், மாதக்கணக்கில் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஆசிட் வைத்த பக்கெட்டில் ஹைப்போவை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் உயிரையே வாங்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனி நிறத்தில் பக்கெட் வைத்து, ஒரே பையில் எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது.

அப்படியென்றால் பிரஷர் வாஷர் எதற்குத்தான் பயன்படும்?
– வாசகர், ரெட்டியார்பாளையம்

கார் நிறுத்தும் பேவர் பிளாக் தரை, சிமென்ட் தரை, கிரானைட் படி, காம்பவுண்ட் சுவரின் அடிப்பாகம். 130 பார் போதும். முனைகளின் நிறத்தையும் தண்ணீர் விரியும் கோணத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பைப் பையிலிருந்தே எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். பேவர் பிளாக்குக்குப் பச்சை, ஓர் அடி தூரம். இடுக்கு மணல் வெளியே வந்துவிடும் என்பதால், தரை காய்ந்ததும் சலித்த மணலைத் தூவிப் பெருக்கி நிரப்புவதையும் சேர்த்து விலை சொல்லுங்கள். மங்களூர் ஓட்டுக் கூரையிலும், சன்னல் ஓரத்து சிலிக்கான் மேலும் அடிக்காதீர்கள்.

மெஷின் மணிக்கு 400 லிட்டருக்கு மேல் குடிக்கும். வேலை நடுவில் வீட்டுக்காரர் டேங்க் காலியானால் பம்ப் வறண்டு ஓடிச் சீல் போய்விடும், ஆகவே முதலில் டேங்கை எட்டிப் பாருங்கள். 5 ஆம்ப் பிளக்கில் சொருகாதீர்கள். மூன்று கோர், 2.5 சதுர மி.மீ. வயர் வேண்டும். 30 மில்லி ஆம்ப் கசிவு பிரேக்கர் இல்லாத வீட்டுக்கு நீங்களே ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். போர் தண்ணீரோடு மூடி வைத்தால் வால்வுகளில் உப்பு கட்டிக்கொள்ளும்.

சதுர அடிக்கு எவ்வளவு கேட்பது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வீட்டு வேலைக்குச் சதுர அடிக் கணக்கு கை கொடுக்காது. கம்பியும் வலையும் இல்லாத 4 அடிக்கு 4 அடிக் கண்ணாடி, உள்ளும் புறமும் 6 நிமிடம். அதே அளவில் கம்பி, கொசுவலை, தூசு அடைத்த ஸ்லைடிங் டிராக் இருந்தால் 15 நிமிடம். இரண்டும் 16 சதுர அடிதான். நேரத்தை விலையாக்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஆளுக்கு 800 என்று 1,600. பெட்ரோல் 150, லிக்விட், துணி, ரப்பர் 150, கருவித் தேய்மானம் 100. ஆக ஒரு நாள் செலவு 2,000. மழை நாள், வேலை இல்லாத நாள், திரும்பப் போய்ச் சரிசெய்யும் நாள் இவற்றுக்காக 400. லாபம் 600. மொத்தம் 3,000. பயணம், சாப்பாடு போக ஒருவர் உண்மையில் கை வைத்து வேலை செய்வது 6 மணி நேரம்தான். இரண்டு பேருக்கு 12. ஆள்-மணிக்கு 250 ரூபாய்.

இப்போது ஒரு வீடு: கம்பி, வலை உள்ள சன்னல் 12, இல்லாதது 6. முன்னது 180 நிமிடம், பின்னது 36. மொத்தம் 216 நிமிடம், 3.6 மணி, 900 ரூபாய். இறக்கி வைக்க, எடுத்துக் கட்ட இரண்டு பேருக்கும் அரை அரை மணி, 250. ஆக 1,150. "சன்னலுக்கு 30 ரூபாய்க்கு ஒருத்தர் செய்கிறாரே" என்று பேரம் பேசினால், விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துச் சொல்லுங்கள்: வலையைக் கழற்றாமல், வெளிப்பக்கம் மட்டும், இவ்வளவு. குறைந்தபட்ச விலை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிக்காக பாகூர் வரை போய் வந்தால் பெட்ரோலுக்கே கட்டாது.

புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு முன் சுத்தம் செய்தோம். கண்ணாடியெல்லாம் கீறல் என்று பாக்கிப் பணத்தைத் தர மறுக்கிறார்கள். பிளேடு புதுசு, கண்ணாடியும் ஈரமாகத்தான் இருந்தது.
– வாசகர், வடலூர்

சூடாக்கிக் கெட்டிப்படுத்திய டஃபண்டு கண்ணாடியாக இருக்கலாம். மூலையில் சின்ன முத்திரை இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பில் உருளைகளின் மேல் ஓடும்போது சில கண்ணாடிகளில் ஒரு பக்கம் கண்ணாடித் துகள் ஒட்டி வெந்துவிடும். பிளேடு அந்தத் துகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும். புதுப் பிளேடாக இருந்தாலும் கீறும். ஈரமான கண்ணாடியில் விரல் நுனியை ஓட்டினால் மணல் தாள் போல் நறநறவென்று தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் பிளேடை உறையில் போட்டுவிடுங்கள்.

இனிமேல், வேலைக்கு முன் ஒவ்வொரு கண்ணாடியையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அங்கேயே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். கொத்தனாரும் பெயின்டரும் போட்ட கீறல்கள் அழுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும், கழுவிய பிறகு தெரிவதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். கொட்டேஷனிலேயே "சிமென்ட், பெயின்ட் பொருக்கு எடுக்கையில் டஃபண்டு கண்ணாடிக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிளேடை முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள், பின்னோக்கி இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கீறும். சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்திலும், கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக், பாலிகார்பனேட்டிலும் பிளேடு வேண்டாம். சிமென்ட் தெறித்திருந்தால் நாள் கடத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள், அதன் காரம் கண்ணாடியை அரிக்கும்.

நான்கு மாடி ஓட்டல் ஒன்றில் முன்பக்கக் கண்ணாடி முழுதும் தருகிறார்கள். நல்ல தொகை. கயிறு கட்டி இறங்கத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான்.
– வாசகர், கடலூர் முதுநகர்

வேண்டாம். இரண்டு தனித்தனிக் கயிறு, இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம், முழு உடல் ஹார்னஸ், பயிற்சிச் சான்று, விழுந்து தொங்கினால் சில நிமிடங்களில் இறக்க ஆள் – இவை இல்லாமல் கயிற்றில் இறங்குவது வேலையே இல்லை. தண்ணீர் டேங்க் குழாயிலும் கைப்பிடிச் சுவரிலும் கட்டிய கயிற்றை நம்பி யாரையும் இறக்காதீர்கள்.

தரைத்தளமும் முதல் மாடியும் உங்கள் எல்லையாக இருக்கட்டும். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால் அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணியைக் கண்ணாடி மேல் சாய்க்காதீர்கள். குறுகிய தெருக்களில் பால்கனியை ஒட்டியே மின்கம்பி போகும், அங்கே அலுமினிய ஏணியும் நீட்டிய கம்பும் எமன். கார்பன் ஃபைபர் கம்பிலும் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு 10 அடிக்குள் வேலை என்றால் மறுத்துவிடுங்கள். உங்களுக்கும் ஆட்களுக்கும் வங்கியில் பிரதமர் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை கிடைக்கும். அது போதாது, ஆனால் அதுகூட இல்லாமல் ஏணியில் ஏற்றாதீர்கள்.

கடலூரில் பதிவு செய்துகொண்டு புதுச்சேரியில் வேலை எடுத்தால் ஜி.எஸ்.டி. கட்டாயமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதே வரம்புதான். எல்லை தாண்டிச் சேவை செய்கிறவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. பதிவு செய்த பிறகு புதுச்சேரிக் கட்டடத்துக்குப் போடும் பில்லில் 18 சதவீதத்தை ஐ.ஜி.எஸ்.டி.யாக, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.யாகக் காட்ட வேண்டும், கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் கணக்கு. ஆனால் லிக்விடை பாட்டிலில் அடைத்துப் புதுச்சேரிக்கு விற்கலாம் என்று இறங்கினால், மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பதற்கு அந்த 20 லட்சச் சலுகை கிடையாது.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. 50,000 ரூபாய் வரை முத்ரா சிசு கடன் கேட்கலாம். சிப்காட் கம்பெனி போன்ற இடங்களில் ஒரே பில் 30,000-த்தைத் தாண்டினாலோ, வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அது உங்கள் வரியில் கழியும், வரி இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்.

சோலார் பேனல் கழுவச் சொல்கிறார்கள். அதுவும் கண்ணாடிதானே?
– வாசகி, வில்லியனூர்

கண்ணாடிதான், ஆனால் வெயில் ஏறிய பிறகு தொடக் கூடாது. சூடான பேனலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். காலை 7 மணிக்குள் முடியுங்கள். இன்வெர்ட்டரை அணைக்கச் சொல்லுங்கள். ஆனாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. இருக்கும், ஜாயின்ட்டுகளை ஈரக்கையால் தொடாதீர்கள். பேனல் மேல் ஏறி நிற்கவோ முட்டி போடவோ கூடாது, உள்ளே செல் உடைவது வெளியே தெரியாது. மென்மையான பிரஷ், சோப்பு இல்லாத நல்ல தண்ணீர். புறா எச்சத்தின் மேல் ஈரத்துணி போட்டு 10 நிமிடம் ஊறவிட்டால் தேய்க்காமலே வரும். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்புப் படலம் வெயிலை மறைக்கும், அதற்குக் கழுவாமலே இருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?
– வாசகர், பண்ருட்டி

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரமும் வீட்டு வேலை குவியும். இடையில் வாரத்துக்கு ஒருமுறை போகும் கடை, கிளினிக், நகைக்கடைக் கண்ணாடிகள்தான் தாங்கும். உட்பக்க வேலை மழையில் நிற்காது. நேரு வீதி போன்ற கடைத்தெருவில் ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு முன் போய், அடுத்தடுத்த ஆறு கடையாகப் பேசி வைத்தால் வண்டியை நகர்த்தாமலே காலைப்பொழுது ஓடிவிடும். புயலுக்குப் பிறகு இரண்டு நாளில் கடற்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு நீங்களே போன் போடுங்கள். அப்போது கண்ணாடியில் இருக்கும் உப்பு, தண்ணீர் ஊற்றினாலே போகும். ஃபிரேமுக்குள் இறங்கி அரிக்க விட்டால் அவர்களுக்குத்தான் செலவு என்று சொல்லுங்கள்.

வைப்பர் ரப்பரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

நாள் கணக்கு இல்லை. விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள், கூர் மழுங்கி வளைந்திருந்தால் பட்டையைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள், இன்னொரு விளிம்பு கிடைக்கும். இரண்டும் மழுங்கினால் மாற்றுங்கள். கழற்றிய 14 அங்குலத்தில் நல்லதாக இருக்கும் பகுதியை வெட்டினால் 6 அங்குல வைப்பருக்கு ஆகும். வெயிலில் வண்டிக்குள் போட்டு வைத்தால் ரப்பர் இறுகிவிடும், ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.